தடாவிலிருந்து கடல்வரை: ஒரு பெட்டியைக் காக்கும் பல கைகள்

ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கு. கண்டெய்னரில் சரக்கை ஏற்றி முடித்ததும் இரண்டு கதவுகளையும் சாத்தி, தாழ்ப்பாளின் துளையில் ஒரு எஃகு ஆணியைச் செருகி, அடியில் அதன் மூடியை வைத்து அழுத்துகிறார்கள். ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்று. இனி அதைத் திறக்க வேண்டுமானால் பெரிய வெட்டுக்கத்தரி கொண்டு ஆணியை வெட்டித்தான் ஆகவேண்டும். டிரெய்லர் லாரி தடா சந்திப்புக்கு வந்து தேசிய நெடுஞ்சாலை 16-இல் தெற்கே திரும்புகிறது. ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி தாண்டி, மீஞ்சூர்ப் பக்கம் இறங்கி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ அதை ஒட்டியிருக்கும் காட்டுப்பள்ளிக்கோ போய்ச் சேர்கிறது. சில பெட்டிகள் இன்னும் கொஞ்சம் தெற்கே, சென்னைத் துறைமுகத்துக்கு.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கப்போகும் அடுத்த மனிதர் அநேகமாகக் கொரியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பார். இடையில் எத்தனையோ பேர் அதைத் தூக்குவார்கள், இறக்குவார்கள், அடுக்குவார்கள், அதன்மேல் இன்னொரு பெட்டியை வைப்பார்கள். ஒருவரும் உள்ளே பார்க்கமாட்டார்கள். உலகக் கடல் வாணிபம் இப்படி, பார்க்காமலே நம்புவதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையை வெறும் நல்லெண்ணமாக விட்டுவிடாமல், ஆணியாகவும் எண்ணாகவும் ஒப்பந்தமாகவும் ரேடியோ அலையாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

துறைமுகம் என்றதும் மதில்சுவரும் பெரிய வாயிலும் துப்பாக்கி ஏந்திய காவலரும்தான் மனதில் வருகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரே ஆளின் வீடு அல்ல. காமராஜர் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல், வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதை முதல் வேலையாகக் கொண்டு திறக்கப்பட்டது. நாட்டின் பெருந்துறைமுகங்களில் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்ட முதல் துறைமுகம் அதுதான். வாயிலில் நிற்பது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை. சரக்கைச் சோதிப்பது சுங்கத்துறை. முனையங்களை நடத்துவது வெவ்வேறு கம்பெனிகள். கப்பலின் தகுதியைப் பார்ப்பது கப்பல் போக்குவரத்து இயக்குநரகம். கரையைத் தாண்டினால் கடலோரக் காவல்படையும் மாநிலக் கடலோரக் காவலரும், அதற்கும் அப்பால் கடற்படை. வடக்கே ஒட்டியிருக்கும் காட்டுப்பள்ளியோ தனியார் துறைமுகம். 2018-இல் அதானி குழுமம் அதை வாங்கியது. அதே வளாகத்தில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பலான சார்லஸ் ட்ரூ பழுதுபார்க்க அங்கேதான் வந்து நின்றது. சில கிலோமீட்டர் கரைக்குள் இத்தனை எஜமானர்கள். இவர்களில் எவருக்கும் மற்றவரை அதட்டி வேலை வாங்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் ஒருவர் சொல்லாமல் விட்டது இன்னொருவர் தலையில் வந்து விடியும்.

எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கா அப்படித்தான் நினைத்தது. 2007-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: அந்நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கண்டெய்னரையும், அது கப்பலேறும் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே 2012-க்குள் ஸ்கேன் செய்தாக வேண்டும். அந்தக் கெடு வந்தது, தள்ளிப்போடப்பட்டது, மறுபடியும் தள்ளிப்போடப்பட்டது. இன்றுவரை நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. பெட்டிகளின் எண்ணிக்கை அப்படி. ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தால் மீஞ்சூர் சாலையில் நிற்கும் லாரி வரிசை தடாவைத் தாண்டும்.

அதனால் சுங்கத்துறைகள் வேறு வழிக்குப் போயின. சந்தேகத்துக்குரிய சில பெட்டிகளைத் தேடிப்பிடிக்க வேண்டுமானால், சந்தேகம் வேண்டாத பல பெட்டிகளை முன்கூட்டியே ஒதுக்கியாக வேண்டும். இந்தியாவில் 2011-இல் சோதனை முறையாகத் தொடங்கி 2016-இல் விரிவாக்கப்பட்ட ஏ.இ.ஓ. எனும் நம்பகமான வணிகர் திட்டம் இதைத்தான் செய்கிறது. ஒரு கம்பெனி தன் கிடங்கின் வேலி, காவல், கேமரா, ஊழியர் தேர்வு, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் சுங்கத்துறை வந்து பார்க்கத் திறந்துவைக்கிறது. பதிலுக்கு அதன் சரக்குக்குச் சோதனை குறைகிறது, வழி விரைவாகிறது. தென்கொரியா, அமெரிக்கா போன்ற நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட உடன்பாடுகளால், இங்கே பெற்ற நற்பெயருக்கு அங்கேயும் மதிப்புண்டு. துறைமுகத்தின் பாதுகாப்பு வேலி இப்படித்தான் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் உள்ளே நகர்ந்து, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த ஆணியும் இப்போது பேசும் ஆணியாகிவிட்டது. 2017 இறுதியிலிருந்து, தொழிற்சாலையிலேயே சீல் வைக்கும் ஏற்றுமதியாளர்கள் மின்னணு சீலைப் பயன்படுத்த வேண்டும். சீலின் எண், கண்டெய்னர் எண், லாரி எண், ஏற்றுமதிப் பத்திரத்தின் எண் நான்கையும் இணைத்துக் கணினியில் பதிவிடுகிறார்கள். துறைமுக வாயிலில் ஒரு கருவி ரேடியோ அலையால் சீலைப் படிக்கிறது. வழியில் யாராவது வெட்டியிருந்தால் அது பதில் சொல்லாது, அல்லது கெட்டுவிட்டேன் என்று சொல்லும். லாரி ஓட்டுநரின் சொல், ஏற்றுமதியாளரின் தாள், சுங்கத்துறையின் கணினி மூன்றும் ஒரு நொடியில் ஒத்துப்பார்க்கப்படுகின்றன. ஒரு காலத்தில் சுங்க அதிகாரி ஒருவர் தொழிற்சாலைக்கே வந்து நின்று, அவர் கண்முன்னால் சீல் வைத்தால்தான் பெட்டி நகரும்.

எடை விஷயமும் இப்படித்தான். 2007-இல் இங்கிலீஷ் கால்வாயில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கப்பலின் உடல் விரிசல் கண்டது. பிறகு மேல்தளப் பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்தபோது ஐந்தில் ஒன்று அறிவித்த எடைக்கு மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசமாக இருந்தது. பொய் எடை கப்பலின் சமநிலையைக் குலைக்கும், அடுக்கைச் சரிக்கும், கிரேனை முறிக்கும். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலக விதி. எங்கோ ஒரு எடைமேடையில் சீட்டுக் கிழிக்கும் ஊழியர் சரியாக எழுதுகிறாரா என்பதில் நடுக்கடலில் இருக்கும் மாலுமியின் உயிர் தொங்குகிறது.

ஆனால் தகவல் இருந்தும் நகராமல் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு நம் வழியிலேயே ஒரு சாட்சி உண்டு. அதைச் சொல்லப் பெய்ரூத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 4 மாலை லெபனான் நாட்டின் பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் என்று பதிவாகியிருந்த அம்மோனியம் நைட்ரேட் குவியல் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் ஒரு பகுதியே நொறுங்கியது. அந்தச் சரக்கு 2013-இல் வந்த ஒரு பழுதான கப்பலிலிருந்து இறக்கப்பட்டது. அதை அங்கே வைத்திருப்பது ஆபத்து என்று அந்நாட்டுச் சுங்க அதிகாரிகளே பலமுறை எழுதியிருந்தார்கள். கடிதங்கள் போயின, யாருடைய பொறுப்பு என்பது மட்டும் முடிவாகவில்லை. அம்மோனியம் நைட்ரேட் ஒரு உப்பு. உரமாகும், சுரங்கத்தில் வெடிமருந்தாகவும் ஆகும். தானாகத் தீப்பிடிக்காது. ஆனால் குவியலாக, மூடிய இடத்தில், கடும் வெப்பத்தில் சிக்கினால் மூலக்கூறுகள் சிதைந்து, திடப்பொருள் ஒரே கணத்தில் பெருமளவு வாயுவாக மாறும். அந்த வாயுவின் பாய்ச்சல்தான் வெடிப்பு.

பெய்ரூத் வெடித்த ஓரிரு நாளிலேயே சென்னையில் ஒரு கேள்வி எழுந்தது. மணலியில், துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர்களை வைக்கும் கிடங்கொன்றில், 37 கண்டெய்னர்களில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015-இலிருந்து கிடந்தது. இறக்குமதியில் முறைகேடு என்று சுங்கத்துறை கைப்பற்றிய சரக்கு. வழக்கு, அபராதம், ஏலம் என்று ஐந்து ஆண்டு ஓடிவிட்டது. குடியிருப்புகள் எவ்வளவு தூரம் என்பதில் சுங்கத்துறை சொன்னதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னதும் ஒன்றாக இல்லை. பிறகு வேலை மின்னலாக நடந்தது. சுங்கத்துறை, காவல்துறை, தீயணைப்பு, வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான பெசோ எல்லாரும் ஒரே வாரத்தில் கூடிப் பார்த்தார்கள், ஏலம் எடுத்தவருக்கு வழி திறந்தது, ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலேயே கண்டெய்னர்கள் ஹைதராபாத் நோக்கிப் புறப்பட்டன. ஆந்திரா வழியாகத்தான் போயாக வேண்டும். ஐந்து ஆண்டு அசையாதது சில நாளில் அசைந்ததற்குக் காரணம் புதுச் சட்டம் ஏதும் அல்ல. அம்மோனியம் நைட்ரேட்டுக்கென்றே தனி விதிகள் நம்மிடம் 2012-லேயே இருந்தன. எல்லாத் துறைகளும் ஒரே இடத்தில் நின்று ஒரே சரக்கைப் பார்த்தன, அதுதான் புதிது. அதற்கு இன்னொரு நாட்டில் ஒரு நகரம் இடிய வேண்டியிருந்தது என்பதை நம்மால் எளிதில் கடந்துபோக முடியக்கூடாது.

அடுத்த ஆண்டே இலங்கைக் கடலில் இன்னொரு பாடம். 2021 மே மாதம், எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற புத்தம்புதுக் கண்டெய்னர்க் கப்பல் துபாயின் ஜெபல் அலியிலிருந்து கிளம்பியது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. ஒரு கண்டெய்னர் கசிவதை மாலுமிகள் மே 11 வாக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். வசதியில்லை என்று பதில். குஜராத்தின் ஹசீராவில் கேட்டார்கள்; அங்கேயும் அதே பதில். கசியும் பெட்டியோடு கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. மே 20 தீப்பிடித்தது. இந்தியக் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் போய் அணைக்க உதவின. இருந்தும் ஜூன் 2 கப்பல் மூழ்கத் தொடங்கியது. 1,486 கண்டெய்னர்கள். அவற்றிலிருந்த பிளாஸ்டிக் குருணை மேற்குக் கரை முழுக்கப் பனிபோல ஒதுங்கியது. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் வலையெடுக்க முடியாமல் கரையில் இருந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இதில் எந்தத் துறைமுகத்தையும் தனியாகக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் கேள்வி அதைவிடப் பெரியது. அமிலம் கசியும் பெட்டியை இறக்கத் தனி மேடை வேண்டும், பாதுகாப்பு உடையணிந்த ஆட்கள் வேண்டும், அதை நடுநிலையாக்கும் ரசாயனம் வேண்டும். இது எல்லாத் துறைமுகத்திலும் இருக்காது. எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது, ஆபத்தில் உள்ள கப்பலை யார் ஏற்பது, செலவை யார் பொறுப்பது என்று அக்கம்பக்கத்துத் துறைமுகங்கள் முன்கூட்டியே பேசிவைத்திருந்தால், அந்தப் பெட்டி கொழும்புக்கு வந்தே இருக்காது. தஞ்சம் கேட்கும் கப்பல்கள் பற்றி சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-லேயே வழிகாட்டுதல் எழுதியிருந்தது. அது அறிவுரை மட்டுமே. அறிவுரைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று யாரும் இல்லை.

கட்டுப்பட வைத்த விதி ஒன்று உண்டு. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு 2002 டிசம்பரில் உலக நாடுகள் கூடி எழுதி, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஸ்.பி.எஸ். விதித்தொகுப்பு. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஒவ்வொரு கப்பலிலும் ஒருவர், மூன்று படிநிலை எச்சரிக்கை என்று அது வகுத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'பாதுகாப்பு உறுதிமொழி' என்ற ஒரு சிறு தாள். கப்பல் ஒரு எச்சரிக்கை நிலையிலும் துறைமுகம் வேறொன்றிலும் இருந்தால், அல்லது ஏதாவது சந்தேகம் இருந்தால், இரண்டு அதிகாரிகளும் அந்தத் தாளை எடுத்து உட்காருகிறார்கள். ஏணிப்படியை யார் காவல் காப்பது? கடல்பக்கத்தை யார் பார்ப்பது? கப்பலுக்கு வரும் காய்கறியை, குடிதண்ணீரை யார் சோதிப்பது? ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒருவர் பெயர் வரும், இருவரும் கையெழுத்திடுவார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள், வேறு நாட்டவர்கள், வேறு மொழி பேசுபவர்கள். கப்பல் நிற்கும் அந்த ஓரிரு நாளுக்கு எந்த வேலையும் இருவருக்கும் நடுவே விழுந்து காணாமல் போகாது.

கணினிப் பக்கமும் இதே கதைதான். 2017 ஜூன் 27 நாட்பெத்யா என்ற கெடுநிரல் உக்ரைனில் கிளம்பி மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கணினிகளை முடக்கியபோது, மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதே குழுமம் நடத்திய முனையமும் நின்றது. எந்தப் பெட்டி எங்கே என்று தெரியாமல் லாரிகள் காத்துக் கிடந்தன. வாயிலில் இருந்த காவலர் எவராலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

இனி கடலுக்குள் போவோம். பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றும் தன் அடையாளம், இருக்குமிடம், வேகம், திசை எல்லாவற்றையும் சில நொடிக்கொரு முறை ரேடியோவில் தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். ஏ.ஐ.எஸ். என்பார்கள். துறைமுகத்தின் கட்டுப்பாட்டறையில் அவை திரையில் புள்ளிகளாக ஊர்கின்றன. உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் தெரிந்த பைலட் படகில் போய்க் கப்பலேறி, கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்லி உள்ளே கொண்டுவருகிறார். வெளியே போகும்போதும் அவரே. குறிப்பிட்ட தூரம் வந்ததும் பைலட் இறங்கிவிடுவார். அதன்பின் கப்பல் கேப்டன் கையில்.

2017 ஜனவரி 28 அதிகாலை. காமராஜர் துறைமுகத்தில் சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு பி.டபிள்யூ. மேப்பிள் என்ற கப்பல் வெளியே போகிறது. பெட்ரோலியப் பொருள் ஏற்றிய டான் காஞ்சிபுரம் உள்ளே வருகிறது. துறைமுகத்துக்கு இரண்டு கடல்மைல் அளவு தொலைவில் இரண்டும் மோதின. நல்லவேளையாகச் சரக்கு சிந்தவில்லை. டான் காஞ்சிபுரத்தின் எஞ்சினுக்கான கனமான உலை எண்ணெய் கொட்டியது. துறைமுகத்தின் முதல் அறிக்கை எண்ணெய் மாசு இல்லை என்றது. கடல் வேறு மாதிரி சொன்னது. எர்ணாவூர் குப்பத்துக் கற்களில் கருப்புக் கூழ் வந்து படிந்தது. திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் மாவட்டக் கரைகள்வரை பரவியது. ஆமைகள் செத்து ஒதுங்கின. சிந்தியது ஏறத்தாழ இருநூறு டன் என்ற கணக்குப் பிறகுதான் வந்தது.

அந்த எண்ணெயை ஏன் இயந்திரங்களால் எடுக்க முடியவில்லை? உலை எண்ணெய் தார் போன்றது. கடல்நீரோடு கலக்கும்போது அலை அதை அடித்து அடித்து, நீர்த்துளிகளை உள்ளே பொதிந்த கெட்டிக் குழம்பாக்கிவிடும். அளவு பலமடங்கு கூடும். உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும். கரையில் கொட்டியிருந்த பாறைகளுக்கு இடையில் எந்த வண்டியும் இறங்காது. அதனால்தான் கல்லூரி மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் மாநகராட்சித் தொழிலாளர்களும் வரிசையில் நின்று பக்கெட்டால் அள்ளிக் கைமாற்றினார்கள். அந்தப் படங்களை நாடே பார்த்தது. அள்ளிய கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு மட்கவைக்கும் முறையை இந்தியன் ஆயில் ஆய்வகம் கொடுத்தது.

எனக்கு உறுத்துவது பக்கெட் அல்ல, அதற்கு முந்தைய மணிநேரங்கள். நாட்டின் எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி 700 டன்வரை சிந்தினால் அது முதல் நிலை. துறைமுகமே தன் மிதவைத் தடுப்பும் உறிஞ்சியும் ஆட்களும் கொண்டு சமாளிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கடலோரக் காவல்படை தலைமை ஏற்கும். அருகருகே உள்ள துறைமுகங்களும் எண்ணெய்க் கம்பெனிகளும் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதும் அந்தத் திட்டத்தின் பகுதி. எண்ணூர்க் கசிவு முதல் நிலை அளவைத் தாண்டவே இல்லை. கருவியைவிட முன்னால் வேண்டியிருந்தது உண்மைத் தகவல். கடலில் பரவிய எண்ணெயை மிதவை போட்டு வளைக்கக் கிடைப்பது சில மணிநேரம்தான். 'ஒன்றுமில்லை' என்று சொன்ன ஒவ்வொரு மணியிலும் அது கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. எத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்திருந்தாலும், கெட்ட செய்தியை முதலில் சொன்னவரைத் தண்டிக்கும் பழக்கம் இருக்கும்வரை அந்தக் கையெழுத்துகள் உதவாது.

கெட்ட நேரத்தில் யார் முதலில் வருகிறார்கள் என்பதையும் இந்தக் கடல் காட்டியிருக்கிறது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு வந்து பெசன்ட் நகர் கரையில் தரைதட்டியது. பயந்துபோய் உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளின் படகு கவிழ்ந்தது. சிலர் இறந்தார்கள். மற்றவர்களை அந்த அலையில் பாய்ந்து இழுத்துவந்தவர்களில் அருகிலிருந்த குப்பத்து மீனவர்கள் முக்கியமானவர்கள். எந்த மீட்புத் திட்டத்திலும் அவர்கள் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை.

காவல் திட்டத்தில் மட்டும் 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு எழுதியிருந்தார்கள். மும்பைக்கு வந்த பத்துப் பேர் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, கடைசியில் ரப்பர்ப் படகில் ஒரு மீனவக் குப்பத்தில்தான் கரையேறினார்கள். யார் நீங்கள் என்று கேட்டவர்களும் அந்தக் குப்பத்து மக்கள்தான். அந்தக் கேள்வி அப்போது எந்த எச்சரிக்கையாகவும் மாறவில்லை. அதன்பின் மீனவர்களுக்குக் கைரேகை அடையாள அட்டை வந்தது. மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று படகுகளுக்கு வண்ணம் வந்தது. கடலோரக் காவலரை அழைக்க 1093, கடலோரக் காவல்படையை அழைக்க 1554 என்ற எண்கள் வந்தன. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-இலிருந்தே இருந்தது. இப்போது அதற்குப் படகும் ஆளும் கூடின. 2019 ஜனவரி முதல் 'சீ விஜில்' என்ற நாடு தழுவிய ஒத்திகை நடக்கிறது. ஒரு குழு ஊடுருவ முயலும், மற்றவர் அனைவரும் தடுக்க வேண்டும். கடற்படை, காவல்படை, சுங்கத்துறை, துறைமுகம், மீன்வளத்துறை, மீனவர் எல்லோரும் அதில் உண்டு.

பழவேற்காடு ஏரியில் இது இன்னும் நுட்பமான விஷயம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முகத்துவாரம் தமிழ்நாட்டில். தடா மண்டலத்தின் இரக்கம் தீவிலிருந்து ஒருவர் படகெடுத்தால் எந்த மாநிலத் தண்ணீரில் வலை வீசுகிறார் என்பது மீனுக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியவேண்டும். எல்லை பற்றி இரு பக்கத்து மீனவர்களுக்கும் பழைய தகராறுகள் உண்டு. தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் புழங்கும் ஊர்கள் என்பதால் பேச்சு முறிந்துபோகாமல் இருக்கிறது. முகத்துவாரத்துக்கு வெளியே புதிதாக ஒரு படகு நின்றால் ராடாருக்கு முன்னால் கண்டுபிடிப்பவர் இவர்கள்தான். இருபது மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயம் இல்லை, ராடாரில் ஃபைபர் படகு சரியாகத் தெரிவதும் இல்லை. ஒரு லட்சம் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் கருவியைப் பொருத்த மத்திய அரசு திட்டம் போட்டிருக்கிறது. அவை முழுதாக வந்துசேரும்வரை, வந்த பிறகும், பார்க்கும் கண்ணும் சொல்லும் மனமும்தான் வேலை செய்யும்.

அந்த மனம் எங்கிருந்து வரும்? காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பலமடங்கு பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவருகின்றன. கரை அரிக்கிறது, மீன்பிடி இடம் சுருங்குகிறது, முகத்துவாரம் தூர்கிறது என்பது அவர்கள் முறையீடு. அலைத்தடுப்புச் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டால் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதன் தெற்கில் தேங்கி வடக்கில் குறையும் என்பது இந்தக் கரையில் சென்னைத் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து கண்ட உண்மை. காசிமேடு முதல் எண்ணூர்வரை கரையெங்கும் கொட்டிய கற்களே அதற்குச் சான்று. ஆக, துறைமுகத்துக்குக் கண்ணாக இருக்கச் சொல்லும் அதே மக்களின் காலடி மணல் துறைமுகத்தால் நழுவுகிறது. என் கருத்தில் இது சுற்றுச்சூழல் பிரச்சினை மட்டும் அல்ல, பாதுகாப்புப் பிரச்சினையும்தான். ஒத்திகைக்கு அழைக்கும்போது இருக்கும் நாற்காலி, விரிவாக்கத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்திலும் அவர்களுக்கு இருக்கவேண்டும்.

இந்தப் பகுதியில் கூட்டுவேலை ஒழுங்காக நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளைப் பார்க்கலாம். ராக்கெட்டின் கழன்று விழும் பாகங்கள் வங்கக் கடலில் எங்கெங்கே விழக்கூடும் என்று இஸ்ரோ கணக்கிட்டுச் சொல்கிறது. டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் இந்தியப் பெருங்கடலின் ஒரு பெரும்பரப்புக்குக் கடல் எச்சரிக்கை ஒருங்கிணைப்பாளர். அது ஆயத்தொலைவுகளோடு அறிவிப்பை வெளியிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் கப்பலின் கட்டுப்பாட்டறையில் அச்சாகி அது கேப்டன் கைக்குப் போகிறது. விமானங்களுக்குத் தனி அறிவிப்பு. துறைமுகங்கள் கப்பல் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. கடலோரக் காவல்படைக் கப்பல்களும் கடலோரக் காவலர் படகுகளும் அந்தப் பரப்பைச் சுற்றிவருகின்றன. கடைசியாக மீன்வளத்துறையும் காவலரும் குப்பங்களுக்குச் சொல்ல, பழவேற்காட்டுப் படகுகள் அன்று கடலுக்கு இறங்காமல் கரையில் நிற்கின்றன. பெங்களூரு, டேராடூன், சென்னை, சூளூர்ப்பேட்டை என்று வேறு வேறு ஊர்களில் வேறு வேறு சீருடைக்காரர்கள் ஒரே வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த அறிவிப்பில் அட்சரேகை இருக்கிறது, தீர்க்கரேகை இருக்கிறது, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்கின்றன. ஏவுதல் தள்ளிப்போனால் மறுநாளுக்குத் திருத்தமும் வருகிறது. கரையில் நின்ற படகின் அன்றைய கூலி மட்டும் அதில் இல்லை. இஸ்ரோவும் துறைமுகங்களும் மீன்வளத்துறையும் சேர்ந்து அதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடு செய்வது, இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு முடியாத காரியம் அல்ல.